பரிணாம மரங்களில் சடுதிமாற்றங்களின் எடை: காலம் விடுபட்ட கணக்கு

டி.என்.ஏ. வரிசைகளைக் கொண்டு உயிரினங்களின் உறவு மரத்தை வரையும்போது எல்லா மாற்றங்களையும் சமமாக எண்ணலாமா, சிலவற்றுக்குக் கூடுதல் எடை தரலாமா என்ற விவாதம் பழையது. எல்லாவற்றுக்கும் ஒன்று என வைப்பதும் ஓர் எடையீடுதான். யாரும் ஆதாரம் கேட்காததால் அது நடுநிலை போலத் தோன்றுகிறது. எடை வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. மாற்றத்தின் வகையைப் பார்த்து நிலையான ஓர் எண்ணை ஒட்டிவிடும் வழக்கத்தைத்தான் மறுக்கிறேன். கிளை பிரிந்து எவ்வளவு காலமாயிற்று என்பதும் அந்த எண்ணில் சேர வேண்டும்.

அடினைனும் குவானைனும் பியூரின்கள்; சைட்டோசினும் தைமினும் பிரிமிடின்கள். ஒரு தொகுதிக்குள்ளேயே நிகழும் மாற்றம் டிரான்சிஷன், தொகுதி தாண்டினால் டிரான்ஸ்வெர்ஷன். ஒவ்வொரு காரத்துக்கும் முன்னதற்கு வழி ஒன்று, பின்னதற்கு இரண்டு. எல்லா வழிகளும் சம வாய்ப்புடையவை என்றால் டிரான்ஸ்வெர்ஷன்கள் இருமடங்கு இருந்தாக வேண்டும். நடப்பதோ நேர்மாறு. 1982இல் வெஸ்லி பிரவுன், ஆலன் வில்சன் உள்ளிட்ட குழுவினர் மனிதன், சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான், கிப்பன் ஆகியவற்றின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து 896 கார இணைகள் நீளமுள்ள ஒத்த துண்டை எடுத்து ஒப்பிட்டனர். முதல் மூன்று இனங்களுக்கிடையே கண்ட வேறுபாடுகளில் 92 விழுக்காடு டிரான்சிஷன்கள். பிரைமேட்டுகளை மற்றப் பாலூட்டிகளோடு ஒப்பிட்டபோது அது 45 விழுக்காடாகச் சரிந்தது.

இந்தச் சரிவில்தான் விஷயமே இருக்கிறது. மூதாதையில் சைட்டோசின் இருந்த ஓர் இடம் தைமினாகி, பிறகு மீண்டும் சைட்டோசினானால் நம் கணக்கில் அங்கே மாற்றமே இல்லை. தொடர்பற்ற இரு கிளைகளில் தனித்தனியே தைமின் வந்தால், மிகக் குறைந்த மாற்றங்கள் தேவைப்படும் மரத்தையே தேர்ந்தெடுக்கும் சிக்கன முறை அதை ஒரே மூதாதையின் சொத்தாகப் படிக்கும். பின்னால் வரும் ஒரு டிரான்ஸ்வெர்ஷன் முன்பு நடந்த டிரான்சிஷனின் தடத்தையே மறைத்துவிடும். அடிக்கடி நிகழும் மாற்றத்தின் பதிவுதான் முதலில் அழிகிறது.

இப்போது டிரான்ஸ்வெர்ஷனை மட்டும் எண்ணுவோம் என்று முடிவெடுத்தால் என்ன ஆகும்? மனிதன், சிம்பன்சி, கொரில்லா என்ற மூன்றில் எந்த இரண்டு நெருக்கம் என்ற கேள்விக்குரிய சான்றில் பத்தில் ஒன்பது பங்கு குப்பைக்குப் போகும். சமமாக எண்ணினாலோ, ஆழமான கிளைகளில் இரைச்சல் சான்றாகிவிடும். ஒரே மரத்தில் இரண்டு வகைப் பிரிவுகளும் இருக்கையில் எந்த ஒற்றை எண்ணும் இரு பக்கத்துக்கும் பொருந்தாது. நீண்ட கிளைகள் உள்ள சில மரங்களில், தரவு கூடக்கூடச் சிக்கன முறை தவறான விடையிலேயே உறுதிப்படும் என்று ஜோசப் ஃபெல்சன்ஸ்டீன் 1978இல் காட்டினார். எடையீடு அந்த நோயைத் தணிக்கலாம், தீர்க்காது.

1980இல் கிமுரா தம் கணித மாதிரியில் இருவகை மாற்றங்களுக்கும் தனித்தனி வீதம் கொடுத்தார். 1981இல் ஃபெல்சன்ஸ்டீன் டி.என்.ஏ. வரிசைகளுக்கு, கண்ட தரவு கிடைக்க மிக அதிக வாய்ப்பளிக்கும் மரத்தைத் தேடும் மீப்பெரு நிகழ்தகவு முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இரண்டும் சேரும்போது அதே டிரான்சிஷன் குட்டைக் கிளையில் ஒரு மதிப்பும் நெட்டைக் கிளையில் வேறொரு மதிப்பும் பெறுகிறது. நான் கேட்கும் எடை இதுதான். அதைத் தரவே சொல்கிறது, ஆய்வாளரின் ஊகம் அல்ல.

வேகமாக மாறுவது எல்லாம் பயனற்றது என்ற எண்ணமும் நிற்காது. புரதத்துக்கான மூன்றெழுத்துக் குறியீடுகளான கோடான்களில் வேகமாக மாறும் மூன்றாம் இடத்தை ஒதுக்குவது பலருக்கு அனிச்சைச் செயலாகிவிட்டது. ஆனால் 1999இல் கெல்லர்ஸ்யோ, ஆல்பர்ட், ஃபாரிஸ் மூவரும் 2,500க்கும் மேற்பட்ட பசுந்தாவர ஆர்.பி.சி.எல். மரபணு வரிசைகளை ஆராய்ந்தபோது, மரத்தின் கட்டமைப்பில் பெரும்பகுதி அந்த மூன்றாம் இடங்களிலிருந்தே வந்தது.

கையால் மிகப் பெரிய எடை தரத்தக்க ஒரு வகை உண்டு: மரபணுத்தொகுதியில் தாவிச் செருகிக்கொள்ளும் ரெட்ரோபோசான்கள். அதே இடத்தில் இருமுறை செருகுவதும், சுவடின்றி வெளியேறுவதும் மிக அரிது. திமிங்கிலத்துக்கு மிக நெருங்கிய உறவு நீர்யானை என்று ஒகாடா குழுவினர் 1999இல் நிறுவியது இவற்றை வைத்தே. அங்கும், அடுத்தடுத்து விரைந்து பிரிந்த கிளைகளில், மூதாதை இனத்துக்குள் இருந்த வேறுபாடே வாரிசுகளுக்குக் கலைந்து போய்ச்சேர்ந்திருக்கலாம் என்ற எச்சரிக்கை தேவை.

எடையைக் கையால் குறித்து மரம் வெளியிடுவோர் அந்த எண்ணுக்குக் காரணம் எழுத வேண்டும். அதைப் பாதியாக்கினாலும் இரட்டித்தாலும் எந்தக் கணுக்கள் கலைகின்றன என்பதையும் அதே கட்டுரையில் காட்ட வேண்டும். ஆய்விதழ்கள் இதைக் கட்டாயமாக்கலாம்.