மருத்துவமனை பில் ஏன் ஏறிக்கிட்டே போகுது?

சிங்கப்பூர் அரசாங்கம் சுகாதாரப் பராமரிப்புக்குச் செலவிட்ட தொகை 2010 நிதியாண்டில் சுமார் 3.7 பில்லியன் வெள்ளி. 2019 நிதியாண்டில் அது 11.3 பில்லியன் வெள்ளி. கிட்டத்தட்ட மூன்று மடங்கு!

ஏன் இந்த ஏற்றம்?

மூப்படையும் சமூகம்

2030க்குள் சிங்கப்பூரர்களில் நால்வரில் ஒருவருக்கு 65 வயது அல்லது அதற்கு மேல் ஆகியிருக்கும். வயது கூடக்கூட மருத்துவமனைக்குப் போவதும், அங்கே தங்கும் நாள்களும் கூடும். புதிய மருந்து, புதிய கருவி எல்லாம் உயிர்காக்கும். ஆனா விலையும் அதிகம்.

"காப்புறுதிதானே கட்டப் போகுது!"

தனியார் காப்புறுதியோடு ரைடர் வாங்கியவர்கள் ஒருகாலத்தில் கையிலிருந்து எதுவுமே கட்ட வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்களின் பில், ரைடர் இல்லாதவர்களைவிடச் சராசரியாக 60 விழுக்காடு அதிகம் என்று 2018இல் சுகாதார அமைச்சு சொன்னது. பில் கூடினால் அடுத்து சந்தா கூடும். அதைக் கட்டுவது நாம்தான்.

அதனால் புதிய ரைடர்களில் குறைந்தது 5 விழுக்காட்டை நோயாளி கட்ட வேண்டும் என்ற விதி வந்தது. 2026 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய ரைடர்களுக்கு விதி இன்னும் கடுமை. காப்புறுதி தொடங்குமுன் நாம் கட்டவேண்டிய குறைந்தபட்ச முதல் தொகையை அவை ஏற்கா.

அப்போ நமக்கு என்ன பாதுகாப்பு?

- மானியம்: அரசாங்க மருத்துவமனையின் சி வகுப்பில் 80 விழுக்காடு வரை.
- மெடிஷீல்டு லைஃப்: 2015 முதல் குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவருக்கும், ஆயுள் முழுதும். ஆண்டுக்கான உச்சவரம்பு 2021இல் 150,000 வெள்ளி ஆனது. 2025இல் 200,000 வெள்ளி.
- மெடிசேவ்: 1984இல் தொடங்கிய கட்டாயச் சேமிப்பு.
- மெடிஃபண்ட்: இவற்றுக்குப் பிறகும் கட்ட முடியாதவர்களுக்கு, 1993 முதல்.

இப்போதான் வேலைக்குச் சேர்ந்திருக்கீங்களா?

தனியார் திட்டம் வாங்குமுன், இன்றைய சந்தாவை மட்டும் பார்க்காதீங்க. 60, 70 வயதில் எவ்வளவு என்ற அட்டவணையையும் கேளுங்க. ரைடர் சந்தாவுக்கு மெடிசேவைத் தொட முடியாது, ரொக்கமாகத்தான் கட்டணும்.

இன்னொன்று: தனியார் திட்டம் வைத்திருந்தாலும் பி2 அல்லது சி வகுப்பில் தாராளமாகச் சேரலாம். பொதுவான சிகிச்சைகளுக்கு எங்கே எவ்வளவு பில் வருகிறது என்ற விவரம் சுகாதார அமைச்சின் இணையத்தளத்தில் இருக்கு. அவசரமில்லாத அறுவைச் சிகிச்சை என்றால், தேதி குறிக்குமுன் அதை ஒருமுறை பார்த்துடுங்க.