தெருக்குரலும் தோட்டக்குரலும்

ஒரு மக்களின் வரலாறு கல்வெட்டிலும் அரசாங்க ஏட்டிலும் மட்டும் அடங்கிவிடுவதன்று. எழுதப் படிக்க வாய்ப்பில்லாதோர் தம் வரலாற்றைப் பாட்டிலே பொதிந்து வைத்தனர். தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் அவ்வாறு நமக்கு வந்து சேர்ந்தவையே. அவ்வழியில் தோன்றிய புதியதோர் இசைத்தொகுப்பை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அது நம் இளைஞரை ஈர்ப்பது ஏன், ஆசிரியராகிய நாம் அதனால் அறியத்தக்கது யாது என்பனவே நம் வினாக்கள்.

எம் தோட்டப் பள்ளியில் ஆறாண்டு பயின்று, இன்று சிரம்பானில் இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் மாணவன் ஒருவன் என்னைக் காண வந்தான். அவனது குறிப்பேட்டின் மேலட்டையில் ‘தெருக்குரல்’ என்று எழுதியிருந்தது. ரகர றகரமும் லகர ளகரமும் கற்பித்தே நரைத்தவன் நான். “திருக்குறளை எழுதுவதில் மூன்று பிழையா?” என்று கடிந்து சிவப்பு மையை எடுத்தேன். “பிழை இல்லீங்க ஐயா, அது ஒரு பாட்டுத் தொகுப்போட பேரு” என்றான் அவன். அன்று பிழை செய்தவன் நானே.

குறள் என்பது குறுமையைக் குறிப்பது. குரல் என்பது ஒலியைக் குறிப்பது. எழுத்து வேறுபாட்டைச் செம்மையாக அறிந்தவனே இப்பெயரின் நயத்தை நுகர முடியும். அரக்கோணத்தைச் சேர்ந்த கவிஞர் அறிவு, இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 2019இல் வெளியிட்ட தொகுப்பு அது. ‘ஆன்டி இந்தியன்’ என்னும் அதன் பாட்டு, வினா எழுப்புவோரை நாட்டின் பகைவரென முத்திரை குத்தும் போக்கை மறுப்பது.

தோற்றுவாய்

இத்தகைய சினப்பாட்டு மேனாட்டில் முன்னரே தோன்றியதுண்டு. 1976, 77 ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தில் வேலையின்மை மிக்கிருந்தபோது, பங்க் ராக் என்னும் இசை எழுந்தது. ‘தி கிளாஷ்’ என்னும் குழுவின் முதல் இசைத்தட்டு 1977 ஏப்ரலில் வெளிவந்தது. நெடுநாட் பயிற்சி வேண்டா. கித்தாரில் சில சுரக்கூட்டுகளும் சொல்லத்தக்க செய்தியும் இருந்தாற் போதும் என்பதே அவ்விசையாளர் கொள்கை. பதின்மவயதினரை அது கவர்ந்ததற்கு இதுவே தலையாய காரணம். ‘நானும் பாடலாம்’ என்னும் துணிவை அஃது அளித்தது. அக்குழுவின் 1982 ஆம் ஆண்டுப் பாட்டொன்றின் இசையை, ஈழத்தமிழ்ப் பெற்றோர்க்கு இலண்டனிற் பிறந்த மாயா அருட்பிரகாசம் 2007இல் தம் ‘கலா’ என்னும் தொகுப்பில் எடுத்தாண்டார்.

தமிழகத்தில் இத்தகைய முயற்சிக்குக் களம் அமைத்தவர் திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித். மலேசியத் தமிழரைப் பற்றிய ‘கபாலி’ படத்தால் 2016 முதல் நம் தோட்டத்து இளைஞர் அவரை நன்கறிவர். சென்னையில் 2018 சனவரி 6 ஆம் நாள் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழு முதன்முதல் மேடையேறியது. சாதியற்ற தமிழர் என அயோத்திதாச பண்டிதர் (1845–1914) வழங்கிய கருத்தினின்றே அப்பெயர் எடுக்கப்பெற்றது. கானாவும் ராப்பும் ராக்கும் ஒருங்கு கலந்த அக்குழுவிற் பாடியவரே அறிவு. நம் நாட்டிலும் யோகி பி, நட்சத்திரா ஆகியோரின் ‘வல்லவன்’ 2006இலேயே தமிழ் ராப்பைப் பரப்பியிருந்தமையால், நம் பிள்ளைகளின் செவிக்கு இவ்வோசை புதிதன்று.

பாட்டியின் வரலாறு

எனினும் தோட்டத்து வீடுகளில் மிகுதியாகப் புகுந்தது, அறிவு எழுதித் தீயுடன் பாடி 2021 மார்ச்சில் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’. ‘என் சாமி’ என்பதே ‘எஞ்சாமி’ ஆயிற்று. அதன் பின்னணியில் நிற்பவர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின் தமிழகம் வந்தவர். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அம்மக்களின் விருப்பத்தை எவரும் வினவவில்லை.

இவ்வரலாற்றை நம் மாணவர் பாடநூலிற் படித்தாரல்லர். எனினும் கேட்டவுடன் அறிந்துகொண்டனர். ஏனெனில் அது தம் பாட்டியின் கதையாகவே அவர்க்குத் தோன்றிற்று. கங்காணிமாரால் இங்குக் கொணரப்பட்டவர், 1942, 43இல் சயாம் மரண இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர், 1969க்குப் பின் வேலை அனுமதிச் சீட்டின்றி இந்தியா திரும்பியவர் என நம் இனத்தார் பட்ட பாடும் அத்தகையதே. ஆதலின் ஆரவாரமும் சினமும் மட்டுமே இளைஞரை ஈர்க்கின்றன என்பது பிழைபட்ட கருத்து. தம் வீட்டார் பேசும் மொழியிலேயே தம் வீட்டார் கதை உலகரங்கில் ஒலிக்கக் கேட்டதே அவ்வீர்ப்பின் வேர்.

நம் கடன்

இனி நம்மை நோக்கி ஒரு வினா. இலங்கைத் தோட்டத்துப் பாட்டி பாட்டுடைத் தலைவியானார். இரந்தாவிலும் லாபுவிலும் பகாவிலும் பால் வெட்டிய பாட்டிமார் எங்கே? இரப்பர் அழிந்து செம்பனை வந்தது. செம்பனைக்குப் பின் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. பெரட்டு, நிரை, ஒட்டுப்பால், மங்கு, ஆயாக்கொட்டகை என்னும் சொற்களின் பொருளை இன்று நம் மாணவரிற் பலர் அறியார். அச்சொற்கள் மறையின் அவற்றுள் அடங்கிய வரலாறும் மறையும்.

பிள்ளைகளின் வழக்குமொழியை நாம் கட்டுரைத் தாளில் திருத்துதல் வேண்டும். அது நம் தொழில். ஆனால் பாட்டியிடம் கேட்டெழுதும் ஏட்டில் அவ்வழக்கைத் திருத்தலாகாது. எம் பள்ளியில் ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு இவ்வேலையைக் கொடுத்துள்ளேன்: வீட்டு முதியோரிடம் ஒரு பாட்டும் ஐந்து தோட்டச் சொற்களும் கேட்டு, சொன்னது சொன்னவாறே எழுதி வருதல். அவற்றைச் சேர்க்கும் ஏட்டின் மேலட்டையில் முன்னாள் மாணவனாகிய அவனே பெயரெழுதித் தந்தான்: ‘தோட்டக்குரல்’. இம்முறை என் சிவப்பு மைக்கு வேலையில்லை.

ஆசிரிய நண்பர்கள் தத்தம் தோட்டங்களில் இதனைத் தொடங்குவாராக. பாடிக் காட்டும் முதியோர் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர்.