அளந்தவனுக்கு அளவுக் கூலி

காஞ்சிபுரத்தில் பட்டு எப்போதும் தராசின் வழியாகவே கைமாறுகிறது. பிள்ளையார்பாளையத்து வீடொன்றில் தறிக்குழிக்குள் கால்களை இறக்கி அமர்ந்து நெய்கிறவருக்கு, பாவும் ஊடையும் சரிகையும் முதலாளி வீட்டில் நிறுத்தே கொடுக்கப்படுகின்றன; சரிகைக்கு மட்டும் கிராமும் கிலோவும் போதாமல் மார்க்கு என்னும் பழைய நிறை இன்னமும் வழக்கொழியாமல் நின்றிருக்கிறது; புடவை அறுத்து மடிப்பாகி வந்ததும் அதே தராசில் மறுபடியும் ஏறி, கொடுத்த நிறைக்கும் வந்த நிறைக்கும் உள்ள வித்தியாசம் கணக்கில் பதிவான பிறகே கூலிப் பேச்சு ஆரம்பமாகும். அப்படி ஒரு புடவை நிறுக்கப்படுவதை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தேன். தராசின் முள் அசைந்து அசைந்து ஓரிடத்தில் நிலைகொள்ளும் வரையில், கொடுத்தவரும் வாங்குபவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இருவர் கண்ணும் முள்ளின்மேலேயே இருந்தது. முள் நின்றது. அதற்குப் பிறகுதான் காபி வந்தது.

நிறுத்தலும் அளத்தலும் வியாபாரத்தின் உயிர்நாடி என்பதையும், அவை நடக்கும் இடத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுக் காரியத்துக்கென எடுத்துவைத்தால் அது கொடுப்பவனுக்குப் பாரமாகத் தோன்றாது என்பதையும், இந்த ஊர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் உத்தம சோழன் செப்பேடுகளே அதற்குச் சாட்சி. அவற்றின் முதற்பகுதி கிடைக்கவில்லை. எஞ்சியவை வடமொழிச் சுலோகங்களும் தமிழ் வசனமுமாக, அம்மன்னனின் 16ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 986ஆம் ஆண்டில், கச்சிப்பேடு என்று அந்நாளில் வழங்கிய காஞ்சியில் அவன் சித்திர மண்டபத்தில் வீற்றிருந்தபோது, அதிகாரி ஒருவர் செய்துகொண்ட விண்ணப்பத்தின்மேல் பிறந்த ஏற்பாட்டைச் சொல்கின்றன. ஊரகத்துப் பெருமாளின் கோயிலுக்கு வரவேண்டிய வரும்படிகள் இன்னின்னவை, அவற்றைக்கொண்டு நடத்தவேண்டிய காரியங்கள் இன்னின்னவை, அவற்றைக் கண்காணிக்க வேண்டியவர்கள் இன்னின்னார் என்று ஒழுங்குபடுத்துவதே அந்தச் சாசனத்தின் நோக்கம்.

அந்த வரும்படிகளில் முதலாவதாகக் கருதத்தக்கவை இரண்டு: கோல்நிறைக் கூலி, காலளவுக் கூலி. துலாக்கோலில் நிறுக்கப்படும் சரக்குகளின்மேல் வாங்கப்பட்டது முன்னது. மரக்காலால் அளக்கப்படும் தானியம் முதலியவற்றின்மேல் வாங்கப்பட்டது பின்னது. கச்சிப்பேட்டுக்கு வந்து விலையாகும் சரக்கு எதுவாயினும், கோலில் தொங்கினாலும் காலில் விழுந்தாலும், அதன் ஒரு துளி கோயிலைச் சென்றடைந்தது. கோயிலோ இன்று உலகளந்த பெருமாள் சந்நிதி என்று நாம் சொல்லும் அதே ஊரகம். காமாட்சியம்மன் கோயிலுக்குச் சமீபத்தில், 30 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் ஒரு திருவடியைத் தூக்கி நிற்கும் திரிவிக்கிரமனின் இருப்பிடம். மூன்றடியால் மூவுலகத்தையும் அளந்து, அளந்ததையெல்லாம் தனதாக்கிக்கொண்ட அந்த மகா அளவுகாரனுக்கு ஊர்ச் சந்தையின் அளவுக் கூலியைச் சாசனம் செய்துகொடுத்தவர்கள் இந்தப் பொருத்தத்தை எண்ணிச் செய்தார்களோ, எண்ணாமலே செய்தார்களோ. அந்த அதிகாரி அன்றிரவு வீட்டுக்குப் போய்ச் சிரித்திருப்பார் என்று நம்பவே எனக்கு விருப்பம்.

வரும்படியின் இன்னொரு கிளை பொலிசை, அதாவது வட்டி. கோயிலின் பொன் சுற்றுப்புறத்து ஊர்ச் சபைகளிடம் முதலாக வைக்கப்பட்டது. கூரம், அரியார்பெரும்பாக்கம் முதலிய ஊர்கள் அந்தப் பொன்னை வாங்கிக்கொண்டு ஆண்டுதோறும் நெல்லாகவோ பொன்னாகவோ வட்டி செலுத்தின. இதைக் கடன் என்று மட்டும் சொன்னால் பாதி உண்மையே சொன்னதாகும். ஏரி வெட்டவும் கழனி திருத்தவும் முதலின்றி நிற்கும் ஒரு ஊருக்கு, முதலைத் திருப்பிக் கேளாமல் விளைவில் ஒரு பங்கை மட்டும் எதிர்பார்க்கும் இத்தகைய பொன்னைவிட உதவியானது வேறு எதுவாக இருக்க முடியும்? கோயில் அவ்விதமாகச் சுற்றுப்புறத்துக்கு ஒரு தனவைசியனாகவும் விளங்கிற்று. அதே கூரம் கிராமத்தில்தான் பிற்காலத்தில் கூரத்தாழ்வான் தோன்றினார் என்பதும், அவர் மாளிகையில் அன்னதானம் முடிந்து இரவில் கதவு சாத்தும் ஓசை காஞ்சிப் பெருந்தேவித் தாயாரின் செவி வரை எட்டியது என்று வைஷ்ணவர்கள் சொல்லி மகிழ்வதும் இவ்விடத்தில் தாமாகவே நினைவுக்கு வருகின்றன.

ஆயினும் அச்செப்பேடுகளில் என்னை மிகவும் கவர்ந்தது வரவும் அன்று, திருவமுது, விளக்கு, வாத்தியக்காரர், நந்தவனம், சித்திரைத் திருவிழா என்று விரியும் செலவும் அன்று. கணக்கை வைத்துக்கொண்டவர்கள் யார் என்பதே. கருளான்பாடி, கம்சகப்பாடி, அதிமானப்பாடி, எறுவாளிச்சேரி என்னும் நான்கு குடியிருப்புகளில் பட்டசாலிகள் என்ற நெசவாளர் வாழ்ந்தனர். கோயிலின் காரியத்தைக் கவனிக்கும் பொறுப்பு அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு மாநகரத்தார், அதாவது அந்நகரத்து வணிகச் சபையார், ஆண்டுக் கணக்கைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. சோழநியமம் என்ற பகுதியில் புதிதாகக் குடியேறுகிறவர்கள் பெருவரி ஏதுமின்றி மாதந்தோறும் சிறிது எண்ணெயும் அரிசியும் மட்டும் செலுத்தினால் போதும் என்ற சலுகையும் உண்டு. ராஜா கொடுத்தான், சந்தை சொரிந்தது, ஆனால் பெட்டியின் சாவி கோயிலைச் சுற்றிக் குடியிருந்து தறி நெய்தவன் கையில் இருந்தது.

இது காஞ்சியின் ஒரு விசித்திரம் என்று எண்ணிவிட வேண்டாம். இங்கிருந்து தெற்கே சிறிது தூரத்திலுள்ள உத்திரமேரூரில், 919, 921ஆம் ஆண்டுகளில் பராந்தக சோழன் காலத்தில் கோயிற்சுவரில் வெட்டப்பட்ட விதிகள் குடவோலைக்காகப் புகழ்பெற்றுவிட்டன. மேடைப் பேச்சாளர்கள் குடத்தையும் ஓலையையும் சொல்லிக் கைதட்டு வாங்குகிறார்கள். அதே கல்வெட்டில், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடத்தில் பெயரிடத் தகாதவர்கள் என்று எழுதியிருப்பதை அவ்வளவாக யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கணக்கு என்ற சொல்லுக்கு இந்தத் தொண்டை நாட்டில் இருந்த மரியாதை அத்தகையது.

சரக்கு கைமாறும் இடத்திலேயே ஒரு பங்கை எடுத்துவைக்கும் நெறியின் வேறொரு முகத்தைத் துறைமுகங்களிலும் காண்கிறோம். சுமத்திரா தீவின் மேற்குக் கரையில் பாரூஸுக்கு அருகில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் கூடி, அங்கே வந்திறங்கும் மரக்கல நாயகன் முதலானோர் கஸ்தூரி விலையை ஆதாரமாகக் கொண்டு பொன்னாக ஒரு தொகை செலுத்திய பிறகே உள்ளே அடியெடுத்து வைக்கலாம் என்று விதித்ததைச் சொல்கிறது. இன்று விமானம் தரையைத் தொட்டதும் வாங்கும் இறங்குகூலிக்கு அதுவே முப்பாட்டன். பிற்காலத்தில் நகரத்தாரும் நாடார்களும் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்துவைத்த மகமை, கோயிலாகவும் சத்திரமாகவும் விருதுநகர் முதலிய ஊர்களில் பள்ளிக்கூடமாகவும் உருவெடுத்தது எல்லோரும் அறிந்த கதை. அதை இங்கே விரிக்க வேண்டுவதில்லை.

சாவி சுற்றிக் குடியிருப்பவன் கையில் இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதற்கும் காஞ்சிச் சம்பந்தமுள்ள உதாரணமே உண்டு. பச்சையப்ப முதலியாரின் குடும்பம் காஞ்சியைச் சேர்ந்தது. 1754இல் பிறந்து, சென்னைப் பட்டணத்தில் துபாஷியாக உயர்ந்து, வெள்ளைக்கார வர்த்தகத்தின் ஓரத்தில் நின்று பெருஞ்செல்வம் ஈட்டிய அவர், 1794இல் காலமாகுமுன் தருமங்களுக்கென்று மரண சாசனம் எழுதிவைத்தார். காஞ்சிக் கோயில்களும் அத்தருமங்களில் இடம்பெற்றிருந்தன. ஆனால் பணம் நிறைவேற்றுகிறவர்கள் கையிலும் பிறகு நீதிமன்றத்தின் படிக்கட்டுகளிலும் ஏறி இறங்கிக்கொண்டிருந்ததே தவிர, யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களிடம் நெடுங்காலம் வந்து சேரவில்லை. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் முதலியோரின் முயற்சியால், மிகுந்து கிடந்த தொகை கல்விக்கு என்று ஆகி, 1842இல் சென்னையில் பச்சையப்பன் பள்ளி திறக்கப்பட்டபோது, அந்தப் புண்ணியவான் மறைந்து 48 ஆண்டுகள் ஓடிவிட்டன. கொடையாளியின் மனத்தில் குறையில்லை. கேட்பதற்கு உரிமையுள்ள நான்கு சேரி அங்கே இல்லை. சித்திரை தோறும் கணக்கைப் பிரித்துப் பார்க்கும் மாநகரமும் இல்லை.

இந்தப் பழங்கதைகளையெல்லாம் கிளறவைத்தது ஒரு விமான நிலையம். அதற்கு வருமுன் ஒரு சட்டத்தைச் சொல்லவேண்டும். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியங்களில் செலவிடவேண்டும் என்றும், தாம் இயங்கும் உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் சொல்கிறது. விமான நிலையங்களை நடத்தும் நிறுவனங்களும் இவ்வழியில் சுற்றுப்புறத்துப் பள்ளிகளுக்கும் மருத்துவத்துக்கும் இளைஞர் தொழிற்பயிற்சிக்கும் பணம் தருகின்றன. ஹைதராபாத், தில்லி நிலையங்களை ஒட்டி ஜி.எம்.ஆர். வரலட்சுமி அறக்கட்டளை நடத்தும் பயிற்சி நிலையங்கள் பலருக்கும் தெரிந்தவை. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நிலையமோ, வரம்பு மீறி இரைச்சலிடும் விமானங்களிடம் வாங்கும் அபராதத்தை, அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு வாழும் அயலாருக்கான அறநிதியில் சேர்க்கிறது. கோல்நிறைக் கூலிக்கு நிகராக இக்காலத்தில் எதையேனும் சொல்லவேண்டுமானால் இதைத்தான் சொல்வேன்: உபத்திரவம் எங்கே பிறக்கிறதோ, அங்கிருந்தே உபகாரமும் புறப்படுகிறது. நம்முடைய சட்டத்தில் அந்த அழகு இல்லை. அங்கே செலவைத் தீர்மானிக்கும் குழு நிறுவனத்தின் இயக்குநர்களைக் கொண்டது. ஓடுபாதைக்கு வேலி கட்டிய இடத்தில் முடியும் ஊர்க்காரனுக்கு அதில் ஆசனம் வைக்கவேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை.

காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, பரந்தூரில், சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அமையும் என்று 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. வேண்டப்படுவது 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். அதில் நஞ்சையும் உண்டு, ஏரிகளும் உண்டு, பாலாற்று நீரை ஏரி ஏரியாகக் கொண்டுசெல்லும் கம்பன் கால்வாயின் ஒரு பகுதியும் உண்டு. ஏகனாபுரத்து மக்கள் அன்றுமுதல் மாலை நேரங்களில் கூடி எதிர்ப்பைத் தெரிவித்து வந்திருக்கிறார்கள். அவ்வூர்க் கிராம சபை தீர்மானத்தின்மேல் தீர்மானமாக நிறைவேற்றியிருக்கிறது. 2025இல் மத்திய அரசின் கொள்கையளவிலான ஒப்புதலும் வந்துவிட்டது. நிலையம் எழுந்தால் அதன் அறப்பணமும் ஒருநாள் எழும். பள்ளிக்குக் கட்டடமும் தெருவுக்கு விளக்கும் வரலாம். ஆனால் செப்பேட்டின் சோழநியமத்தோடு இதை ஒப்பிடும்போது மனம் சற்றே தயங்குகிறது. அங்கே கொடையின் கூடவே புதுக் குடிகள் வந்து அமர்ந்தன, அதுவும் எண்ணெயும் அரிசியும் மட்டுமே செலுத்தும் எளிய நிபந்தனையில். இங்கே கொடை வந்துசேரும் நாளில், அதை வாங்கிக்கொள்ளவேண்டிய அயலாரில் ஒரு பகுதியினர் அயலில் இருக்கமாட்டார்கள்.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் காஞ்சியிலிருந்து பள்ளிக் குழந்தைகள் சுற்றுலாவாக வருவதுண்டு. அவர்களில் நெசவாளர் வீட்டுக் குழந்தைகளும் கட்டாயம் இருப்பார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர்களுடைய தொழிலைச் செய்த நான்கு சேரிக்காரர்கள் ஒரு பெருங்கோயிலின் பொன்னுக்கும் நெல்லுக்கும் பொறுப்பாளிகளாக இருந்தார்கள் என்று யாராவது எடுத்துச் சொன்னால், அன்று மாலை வீடு திரும்பித் தறியடியில் இருக்கும் அப்பாவிடம் அதைச் சொல்வார்கள். அவர் கையிலிருக்கும் நாடாவை நிறுத்தாமலேயே, யார் கணக்குப் பார்த்தது என்று கேட்கக்கூடும்.