அறுபட்ட நாவும் ழகரமும்: சித்தூர் எல்லையிலிருந்து ஒரு மருத்துவ வரலாற்றுக் குறிப்பு

வாய்ப்புற்றுநோய் அறுவையின் வரலாறு பெரும்பாலும் உயிர்பிழைத்தோரின் கணக்காகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பிழைத்தவர் எவ்வாறு பேசினார் என்னும் வினா அதில் பிந்தியே எழுந்தது.

அகற்றப்பட்ட நாவின் இடத்தை நிரப்ப இரு முறைகள் நிலைபெற்றன. 1979-இல் ஏரியன் மார்புத் தசையைத் தோலுடன் திருப்பித் தலை, கழுத்துப் பகுதிகளைச் சீரமைக்கும் முறையை வெளியிட்டார். 1981-இல் சீன மருத்துவர் யாங் குவோஃபான் முன்கைத் தோலை இரத்தக் குழாய்களோடு எடுத்துப் பொருத்தும் முறையை அறிவித்தார். முதலாவதற்கு நுண்ணோக்கி வேண்டியதில்லை. ஆயினும் தசை பருமனானது, நரம்பறுந்த பின் மாதக்கணக்கில் சுருங்கக்கூடியது. இரண்டாவது மெல்லியது, வளைவது. பெரிய இழப்புக்குப் போதிய பருமன் தராது. இரண்டுமே தாமாக அசைவதில்லை. எஞ்சிய நாவே அவற்றைச் சுமந்து நகர்த்துகிறது.

திருத்த அறுவை இங்கேதான் தேவைப்படுகிறது. மிகுந்த கொழுப்பு குறைக்கப்படுகிறது. வாயின் அடித்தளத்தோடு ஒட்டிய தழும்பு விடுவிக்கப்படுகிறது. சுருங்கிய இடத்தில் உடலின் வேறு பகுதிக் கொழுப்பு செலுத்தப்படுகிறது. நா அண்ணத்தை எட்டாவிடில், அண்ணத்தையே தாழ்த்தும் செயற்கைத் தகடும் பொருத்தப்படுகிறது.

எட்டுதல் ஏன் இன்றியமையாதது என்பதைத் தொல்காப்பியப் பிறப்பியல் தெளிவாக்குகிறது. ககரத்துக்கு அடிநா, சகரத்துக்கு இடைநா, டகரத்துக்கு நுனிநா அண்ணத்தைத் தொட வேண்டும். ழகரத்துக்கு நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருட வேண்டும். லகர ளகரங்களுக்கு நாவிளிம்பு தடிக்க வேண்டும். பகர மகரங்களுக்கோ இதழ்களே போதும். ஆகவே நா இழந்தவரிடமும் ‘அம்மா’ பெரிதும் எஞ்சுகிறது, ‘தமிழ்’ எஞ்சுவதில்லை.

சித்தூரில் இவ்வினா இரட்டிப்பாகிறது. 1911 வரை வடஆர்க்காட்டின் தலைநகராக விளங்கிய ஊர் அது. தமிழும் தெலுங்கும் அங்கே ஒரே வாயில் வாழ்கின்றன. பழந்தெலுங்குக் கல்வெட்டுகளில் காணப்பட்ட ழகரம் பின்னர் அம்மொழியில் மறைந்தது. கோழி ‘கோடி’ ஆயிற்று, ஏழு ‘ஏடு’ ஆயிற்று. எனவே ஒருவர் தெலுங்கில் தெளிவாகப் பேசித் தேறினாலும் தமிழில் ஓர் ஒலியை இழந்தவராகவே இருக்கக்கூடும்.

இப்பகுதி நோயாளிகளுக்கு 1900-இல் ஒரே படுக்கையுடன் தொடங்கிய வேலூர் மருத்துவமனை அருகிலுள்ளது. திருப்பதியில் 1993-இல் ஸ்ரீ வேங்கடேஸ்வர மருத்துவ அறிவியல் நிறுவனமும், 2022-இல் டாட்டா அறக்கட்டளைகளின் ஆதரவில் தனிப் புற்றுநோய் மருத்துவமனையும் திறக்கப்பட்டன. அறுவை அருகில் வந்துவிட்டது. அதன் வெற்றியை அளக்கும் சொற்பட்டியல் எந்த மொழியில் இருக்கிறது என்பது இனி எழுப்பப்பட வேண்டிய வினா. ழகரம் இடம்பெறாத சோதனையில் ழகரத்தின் இழப்பு பதிவாவதில்லை. பதிவாகாத இழப்புக்குத் திருத்த அறுவையும் பரிந்துரைக்கப்படுவதில்லை. அந்தப் பட்டியலை வகுப்பதில் மருத்துவருக்கு இணையாக மொழியியலாளருக்கும் பொறுப்புண்டு.