கோச்சி வராத ஆண்டுகள்

எமது சங்கம் தோன்றிய அதே பத்தாண்டிலேதான் மட்டக்களப்புக்கு இரண்டு வழிகள் திறந்தன. 1924இல் கல்லடிப் பாலம், 1928இல் புகையிரதம். தெற்கே ஆரையம்பதி, காத்தான்குடிப் பக்கத்தவர்க்கு வாவியைக் கடக்கத் தோணி தேவைப்படவில்லை. வடக்கே வாழைச்சேனை, கல்குடா, வந்தாறுமூலை, ஏறாவூர் மக்களுக்குக் கோச்சி கிடைத்தது.

மாகோவில் வடக்குப் பாதையை விட்டுப் பிரிந்து, கல்லோயாவில் திருகோணமலைப் பாதையையும் விட்டு விலகி, பொலன்னறுவை, வெலிக்கந்தை, புனானை வழியாக வரும் பாதை இது. அன்று பெரும்பகுதி காடு. புனானையில் ஆட்களைத் தின்ற சிறுத்தையை ஷெல்டன் அகார் சுட்டதும் 1924இல்தான். (பாடம் செய்யப்பட்ட அதன் உடலைக் கொழும்பு அருங்காட்சியகத்தில் காணலாம்.) மன்னம்பிட்டியில் மகாவலியையும் ஓட்டமாவடியில் வாழைச்சேனை வாவியையும் கடக்க, ரயிலுக்கும் வாகனத்துக்கும் ஒரே பாலம். கோச்சி வந்தால் பஸ் காத்து நிற்க வேண்டும். ஓட்டமாவடியில் 2010 வரை அதுதான் நிலை.

'உதயதேவி' கொழும்புக்குப் போகும் வண்டி என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். எமது மூத்த அக்காமாருக்கோ அந்தப் பாதை பள்ளிக்கூடத்துக்கு வரும் வழி.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. சேவை முதலில் குலைந்து, பின்னர் முற்றாக நின்றது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகம் அகதி முகாமாயிற்று. செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து இராணுவத்தினர் கொண்டுசென்ற 158 பேர் திரும்பி வரவில்லை. அதன்பின் எந்தத் தாய்தான் மகளைத் தனியே தெருவில் அனுப்புவாள்?

இன்று என் கிளினிக்குக்கு வடக்குக் கிராமங்களிலிருந்து என் வயதுப் பெண்கள் வருகிறார்கள். எத்தனையாம் வகுப்புவரை படித்தீர்கள் என்று கேட்பேன். ஏழு, எட்டு என்பார்கள். "போய்வர வழியில்லையே டொக்டர்." வறுமையும் இடப்பெயர்வும் காரணங்கள்தாம். ஆனால் அவர்கள் முதலில் சொல்வது வழியைத்தான். எங்கள் வகுப்பில் வெறுமையான வாங்குகளை நான் அப்போது அப்படி எண்ணிப் பார்த்ததில்லை.

சமாதான காலத்தில், 2003இல், மட்டக்களப்புக்குக் கோச்சி திரும்பியது. யாழ்ப்பாணம் 2014 வரை காத்திருந்தது. கல்முனைக்கோ அக்கரைப்பற்றுக்கோ தண்டவாளம் இன்றுவரை போகவில்லை.

எமது சங்கப் பதிவேடுகளில் பரிசளிப்பு உண்டு, விளையாட்டு உண்டு. யார் எவ்வழியாக வந்தார்கள் என்பது இல்லை. கோச்சியில் வந்து படித்த அக்காமார் கனடாவிலோ லண்டனிலோ இருந்தால், ஏறிய நிலையத்தையும் ஆண்டையும் எழுதி அனுப்புங்கள். பழைய சீசன் டிக்கற் ஒன்று பெட்டிக்குள் கிடந்தால் அதையும் சங்கத்துக்குத் தாருங்கள்.