இரட்சிப்பின் செய்தியும் யாழ்ப்பாணத்தார் எதிர்கொண்ட முறையும்

கிறித்தவர் இரட்சிப்பு என வழங்கும் செய்தி யாழ்ப்பாணத்துக்குப் பலமுறை, வெவ்வேறு கைகளினூடாக வந்தது. செய்தி ஒன்றேயாயினும் மக்கள் அதனை எதிர்கொண்ட முறை ஒன்றன்று. கொண்டுவந்தோர் கையாண்ட வழிக்கேற்ப அது வேறுபட்டது.

1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் கோயில்களை இடித்துத் தம் சமயத்தைப் பரப்பினர். 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்து, தம் திருச்சபையிற் சேர்ந்தோர்க்கே உத்தியோகமும் உரிமைகளும் அளித்தனர். ஆகவே, மக்களிற் பலர் தேவாலயப் பதிவேட்டிற் பெயரை எழுதுவித்து, இல்லத்திற் சிவனை வழிபட்டனர். 1795இல் ஆங்கிலேயர் ஆட்சி வந்து நிர்ப்பந்தம் நீங்கவே, அப்பெயர்களிற் பெரும்பாலன பெயராகவே மறைந்தன.

இதற்கு மாறாக, 1687இல் யாழ்ப்பாணம் வந்த யோசேவ் வாஸ் அடிகளாரிடம் அதிகாரமோ பதவியோ இருக்கவில்லை. ஏழைக் கூலியாள் போலத் தோன்றி, சில்லாலை முதலிய ஊர்களில் மறைவாகத் தொண்டாற்றினார். அவரைச் சார்ந்தோர் பெறத்தக்க ஊதியம் ஒன்றுமில்லை, தண்டனையே உண்டு. எனினும் அங்குக் கத்தோலிக்கம் நிலைத்தது. ஆணையால் எய்தாததை அன்பு எய்தியது எனலாம்.

1816இல் வந்த அமெரிக்க மிஷனாரோ கல்வியை வழியாகக் கொண்டனர். 1823இல் தோன்றிய வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம், தமிழ், கணிதம், வானசாத்திரம் ஆகியவை கற்பிக்கப்பட்டன. மாணவருட் சிலர் மனமுவந்து மதம் மாறினர். வேறு பலர் கல்வியைக் கொண்டு கொள்கையை விடுத்தனர். உத்தியோகத்தின் பொருட்டே ஆங்கிலம் நாடப்படுகின்றது என்னும் மனக்குறை மிஷன் தலைமையினரிடத்து வலுத்தமையும், 1855இல் அச்செமினரி மூடப்பட்டமைக்கு ஒரு காரணமாயிற்று.

மூன்றாவது வகை எதிர்வினை நல்லூர் ஆறுமுக நாவலருடையது. 1822இற் பிறந்த இவர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகிப் பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றார். அந்நூலை அவர்போல் ஊன்றிக் கற்ற சைவர் அக்காலத்து அரியர். ஆயினும் அக்கல்வி அவரைத் தம் சமயத்தை ஆராயவே தூண்டியது. 1847 டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கம் தொடங்கினார். 1848இற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பின்னர் அச்சியந்திரமும் கொணர்ந்தார். பிரசங்கம், பாடசாலை, அச்சு ஆகிய மூன்றும் பாதிரிமார் கையாண்ட கருவிகளே. 1854இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில், சைவக் கிரியைகளை இகழ்ந்தோர்க்கு, அவை போல்வன விவிலியத்தும் உளவெனக் காட்டி விடை பகர்ந்தார்.

செமினரியிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையின் வாழ்வும் ஈண்டு நோக்கத்தக்கது. கிறித்தவக் குடும்பத்திற் பிறந்த அவர் பின்னர்ச் சைவராகி, பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துப் புகழ்பெற்றார். கற்பித்தோர் எதிர்பார்த்த பயன் வேறு. தமிழுலகம் பெற்ற பயன் வேறு.

ஆகவே, மதம் மாறினோர் தொகை ஒன்றையே கொண்டு இவ்வரலாற்றை அளத்தல் பொருந்தாது. அச்சத்தாலும் ஆசையாலும் ஏற்றோர் அவை நீங்கியவிடத்துத் தாமும் நீங்கினர். ஆராய்ந்து ஏற்றோரும் ஆராய்ந்து மறுத்தோருமே அச்செய்தியை மெய்யாகச் செவிமடுத்தோராவர். இவ்விரு சாராராலும் யாழ்ப்பாணத்துக் கல்வியும் தமிழ் உரைநடையும் வளம்பெற்றன என்பது மறுக்கொணா உண்மையாகும்.