மாரிஸ் மைனரின் பெட்ரோல் பம்பு

1908-ல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரில் பெட்ரோல் தொட்டி ஆசனத்தின் அடியில் அமைந்து, எரிபொருள் புவியீர்ப்பினாலேயே கார்புரேட்டருக்கு இறங்கி வந்தபடியால், தொட்டி வற்றியிருந்த வேளையில் செங்குத்தான மேட்டை எதிர்ப்பட்டவர்கள் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கியே ஏற்ற நேர்ந்தது. அச்சங்கடத்துக்குப் பரிகாரமாகத் தோன்றிய சாதனங்களுள், ஸ்கின்னர் சகோதரர்கள் ஸ்தாபித்து 1926-ல் வில்லியம் மாரிஸ் விலைக்கு வாங்கிய எஸ்.யு. கம்பெனியின் மின்சாரப் பம்பையே நான் அபூர்வ சிருஷ்டி என்பேன்.

1948-ல் பிறந்த மாரிஸ் மைனரில், சாவியைத் திருப்பியதும் இக்னிஷன் சுவிட்சிலிருந்து வெள்ளை ஒயர் வழியே மின்சாரம் பம்பின் காயிலில் பாய, காந்தசக்தி டயாப்ரத்தை இழுத்துப் பெட்ரோலை உறிஞ்ச, இழுப்பின் முடிவில் டங்ஸ்டன் முனைகள் பிரிந்து மின்னோட்டம் அறுபட, ஸ்பிரிங் அதை மீண்டும் தள்ளும். பரபரவென்று எழும் அந்த ‘டிக் டிக்’ ஓசை, கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணம் நிரம்பியதும் தானே தளர்ந்து ஓய்வதைக் கேட்பது எத்தனை ஆனந்தம்!

அவ்வண்டிகளில் பாட்டரியின் நேர்முனையே எர்த் ஆக உடலோடு பிணைக்கப்பட்டிருந்தது. எர்த் ஒயரின் திருகடியில் துரு படிந்தாலும் பம்பு மௌனமாகிவிடும்; முனைகள் கருகி நின்றுபோனாலோ, அனுபவசாலிகள் ஸ்பானரின் பிடியால் அதன் தலையை மெல்லத் தட்டி உயிர்ப்பித்து, வீடு சேர்ந்தபின் மூடியைக் கழற்றி முனைகளைத் துடைப்பர்.